ரசீதில் ஒரு தோல்

பக்ரீத் தொழுகை முடிந்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. 2025 ஜூன் 7, சனிக்கிழமை. பேரணாம்பட்டில் நண்பர் வீட்டுக் கொல்லையில், வேப்பமரக் கிளையில் ஆடு தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அறுக்க வந்த பாய் பின்னங்காலில் சின்னதாக ஒரு கீறல் போட்டார். அதோடு கத்தியைத் துடைத்துக் கீழே வைத்துவிட்டார். அதற்குப் பிறகு கை மட்டும்தான். முஷ்டியை மடக்கித் தோலுக்கும் சதைக்கும் நடுவில் விட்டு இறக்க இறக்க, நனைந்த சட்டையைக் கழற்றுவது போலத் தோல் இறங்கி வந்தது.

"கத்தி வெச்சா சீக்கிரம் முடிஞ்சிடுமே பாய்?" என்று கேட்டேன்.

"முடியும். ஆனா கத்தி பட்ட தோலு ஷாப்புல நிக்காது. பண்டிகைக்கு மட்டும் கத்தி தூக்கறவன் ஊர் பூரா ஓட்டை போட்டு வெச்சிருப்பான், போய்ப் பாருங்க."

ஷாப்பு என்றால் கடை என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் பக்கத்தில் தோல் பதனிடும் தொழிற்சாலைக்கு அதுதான் பெயர். பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டி நீளும் இந்த வட்டாரத்தில் "என்ன வேலை?" என்று கேட்டால், "ஷாப்புக்குப் போறேன்" என்பது முழுப் பதில்.

தோலைச் சுருட்டித் திண்ணையில் போட்ட கொஞ்ச நேரத்தில் டிவிஎஸ் எக்ஸெல்லில் இரண்டு பையன்கள் வந்தார்கள். தலையில் தொப்பி, வண்டியின் முன்னால் கோணி மூட்டை, சட்டைப் பையில் ரசீதுப் புத்தகம். பக்கத்து மதரஸாவின் பிள்ளைகள். பெரியவன் தோலைத் தூக்கிக் கோணிக்குள் திணித்தான். சின்னவன் புத்தகத்தைத் தொடையில் வைத்து எழுதினான். பெயர், தெரு, ஆட்டுத்தோல் ஒன்று. தொகை என்ற கட்டத்தில் ஒரு கோடு மட்டும் இழுத்தான். விலை இன்னும் தெரியாதே. ஈரமும் ரத்தமுமாக இருந்த கையால் கிழித்துக் கொடுத்த அந்தத் துண்டுக் காகிதத்தை நண்பர் மடித்து வைத்துக்கொண்டார்.

இந்தத் தோலை வீட்டுக்காரர் விற்றுக் காசைத் தன் பையில் போட்டுக்கொள்ள முடியாது. குர்பானி கொடுத்த பிராணியின் கறியைத் தானும் உண்ணலாம், உறவுக்கும் ஏழைக்கும் பங்கு போடலாம். தோலைத் தன் உபயோகத்துக்குத் தொழுகை விரிப்பாக்கிக்கொள்ளலாம், அல்லது தானமாகக் கொடுக்கலாம். விற்றால் அந்தக் காசு ஏழைக்குப் போய்விட வேண்டும். அறுத்தவருக்குக் கூலியாகத் தோலைத் தள்ளிவிடவும் கூடாது. நபிகள் தம் ஒட்டகங்களின் கறியையும் தோலையும் பங்கிடும் பொறுப்பைத் தம் மருமகன் அலீயிடம் ஒப்படைத்தபோது, அறுத்தவருக்குக் கூலியாக அதில் எதையும் தரக்கூடாது என்று சொன்னதாக ஹதீஸ் இருக்கிறது. ஆக, ஆடு கீழே சாயும்போதே அதன் தோல் வீட்டுக்காரருடையதாக இல்லாமல் போகிறது. வரி போடும் அதிகாரி இல்லை, நிதிக்குழு இல்லை. ஆனாலும் ஒரு நிதி உண்டாகிவிடுகிறது.

அந்த நிதிக்கு ஒரு பெரிய தொல்லை. அது அழுகும்.

உரித்த தோல் சில மணி நேரத்துக்கு மேல் தாங்காது. வெயிலில் இன்னும் மோசம். முடி வேரில் அழுகல் தொடங்கிவிட்டால், சும்மா இழுத்தாலே முடி கையோடு வரும். "முடி கழண்டுடுச்சு" என்று வியாபாரி சொல்லிவிட்டால் விலை பாதிக்குக் கீழே. பிறைக் கணக்கில் பக்ரீத் ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே போகும். 2015இல் செப்டம்பர் கடைசியில் வந்த பண்டிகை, பத்து ஆண்டில் ஜூன் முதல் வாரத்துக்கு வந்துவிட்டது. அடுத்து நேராகக் கத்தரி வெயிலுக்குள் நுழைகிறது. வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எக்ஸெல்லைத் தொடர்ந்து நானும் போனேன். மதரஸாவின் பின்பக்கம் ஒரு சிமென்ட் முற்றம். நடுவில் கல்லுப்பு குவியலாகக் கிடந்தது. பெரிய பையன்கள் நான்கைந்து பேர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தோலைச் சதைப்புறம் மேலே தெரியும்படி விரித்து, இரண்டு கையாலும் உப்பை வாரி இறைத்தார்கள். ஒரு ஓரம், ஒரு மடிப்பு விடாமல் உப்புப் பட வேண்டும். தோலின் எடையில் ஏறக்குறைய பாதி எடைக்கு உப்பு பிடிக்கும். ஒரு தோல், அதன்மேல் இன்னொரு தோல் என்று அடுக்கு ஏறியது. அடியிலிருந்து செந்நீர் கசிந்து சாக்கடைக்கு ஓடியது. மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்த மதரஸா ஆசிரியர் ஹஜ்ரத் மூக்கில் துண்டைக் கட்டவில்லை. அந்த வாடை அவருக்குப் பழகிப்போன வாடை.

இந்த முற்றத்தை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தோலின் கதையில் ஷாப்பைவிட, ஏற்றுமதியைவிட, முக்கியமான இடம் இதுதான் என்பது என் எண்ணம். தோலாக வருகிற தானத்தை வாங்கிக்கொள்ள முற்றம் வேண்டும். மூட்டை மூட்டையாக உப்பு வேண்டும். ஊர் சுற்றிப் பொறுக்கி வர வண்டி வேண்டும், ஆள் வேண்டும், வியாபாரியிடம் பேரம் பேசத் தெரிந்த ஒருவர் வேண்டும். இவ்வளவும் ஒரு கட்டடத்துக்கு இருக்கும். ஒரு விதவைக்கு இருக்காது. பக்கத்துத் தெருவில் மூன்று பிள்ளைகளோடு இருக்கிற ஒருத்தியின் வாசலில் ஈரத்தோலைக் கொண்டுபோய்ப் போட்டால் அவள் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்? அதனால் தோல் கேட் போட்ட இடங்களுக்குப் போனது. தோல் போன இடத்துக்குப் பிள்ளையும் போக வேண்டியதாயிற்று.

அப்படிப் போன பிள்ளைக்குப் பெயர் யத்தீம். இந்த அரபுச் சொல்லை நாம் அநாதை என்று மொழிபெயர்த்துவிடுகிறோம். அது சரியில்லை. பருவம் வருவதற்கு முன் தகப்பனை இழந்த பிள்ளைதான் யத்தீம். தாய் இருப்பாள், பெரும்பாலும். யத்தீம்கானா என்பது அந்தக் கணக்கில் தாயுள்ள பிள்ளைகளின் விடுதி. இதைச் சொல்வதால் அந்த விடுதிகளைக் குறை சொல்கிறேன் என்று ஆகாது. மூன்று வேளைச் சோறு, உடுப்பு, எழுத்து என்று அவை தாங்கிப்பிடித்த பிள்ளைகள் எத்தனையோ பேர். இன்றைக்குக் கல்லூரிகளில் பாடம் நடத்துகிறவர்களும் அவர்களில் உண்டு. வேறு யாரும் வராத காலத்தில் வந்தது அந்தக் கோணி மூட்டையும் ரசீதுப் புத்தகமும்தான். ஆனாலும் கணக்கு கணக்குதான். காசின் வடிவம் பிள்ளையின் இருப்பிடத்தைத் தீர்மானித்திருக்கிறது.

பண்டிகை முடிந்த மூன்றாம் நாள் வியாபாரி மினி லாரியோடு வந்தார். அடுக்கைப் பிரித்து ஒவ்வொரு தோலாக உதறிப் பார்த்தார். நல்லது ஒரு பக்கம், கீறல் ஒரு பக்கம், முடி கழன்றது ஒரு பக்கம். கழிவுப் பக்கம்தான் உயரமாக எழும்பியது. "பண்டிகைத் தோலு" என்று அவர் சொன்ன தொனியில், கல்யாண வீட்டில் மிஞ்சிய சாம்பாரைப் பற்றிப் பேசுகிற அலட்சியம் இருந்தது. அவரைக் குறை சொல்லவும் முடியாது. மூன்றே நாளில் ஊரெல்லாம் தோல் குவியும்போது விலை பேசுகிற வாய் வாங்குகிறவனுடையது.

உள்ளூர் ஷாப்பு வாங்கினால் தோல் அங்கேயே நிற்கும். இல்லையென்றால் சென்னைப் பெரியமேட்டுக் கிடங்கு வரை போய், தரம் பிரிந்து, திரும்பவும் இந்தப் பக்கத்து ஷாப்புக்கே வந்தாலும் வரும். வந்ததும் முதல் வேலை, பையன்கள் வாரி வாரிப் போட்ட உப்பைக் கழுவி எடுப்பது. ஓர் இரவு தண்ணீரில் ஊறும். அப்புறம் சுண்ணாம்பும் சல்ஃபைடும் சேர்ந்து முடியை இறக்கும். சதைப்புறத்தை இயந்திரம் சுரண்டும். அமிலமும் உப்பும் கலந்த நீரில் ஒரு முறை, கடைசியாகக் குரோமியம். மர டிரம் ராட்டினம் போலச் சுற்றிச் சுற்றி நிற்கும்போது, உள்ளே போன வெள்ளைத் தோல் வெளிர் நீலமாக வெளியே விழும். வெட் புளூ என்று அதற்குப் பெயர். இனி அது அழுகாது.

பழைய காலத்தில் நீலம் கிடையாது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான். குழியில் வாரக்கணக்கில் கிடந்து, வெளிர் மஞ்சளாக எழும் அந்தத் தோலுக்கு லண்டன் சந்தையில் ஈஸ்ட் இந்தியா தோல் என்று பெயர். முதல் உலகப் போரின்போது பிரிட்டிஷ் ராணுவ பூட்ஸுக்காகச் சென்னை மாகாணத்துத் தோல் கப்பல் கப்பலாகப் போனது. அந்தக் காலத்துப் பணம் எங்கே இறங்கியது என்று பார்க்க இந்த வட்டாரத்தில் பஸ் ஏறினால் போதும். வாணியம்பாடியில் 1919இல் தொடங்கிய இஸ்லாமியா கல்லூரி. ஆம்பூரிலிருந்து பேரணாம்பட்டு வருகிற வழியில் உமராபாத். காகா முஹம்மது உமர் என்கிற தோல் வியாபாரி 1924இல் ஜாமியா தாருஸ்ஸலாமைக் கட்ட, அந்த இடத்துக்கே அவர் பெயர் வந்துவிட்டது. மேல்விஷாரத்தில் தோல் வணிகர் நவாப் அப்துல் ஹக்கீம் பெயரில் கல்லூரி. அரசாங்கத்தைக் கேட்டுவிட்டுத் தொடங்கிய ஊர்கள் இல்லை இவை. தங்கள் பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று தாங்களே முடிவு செய்து, தங்கள் காசிலேயே கட்டிக்கொண்டார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் தாண்ட முடியாது. சுண்ணாம்புக் குழியில் முழங்கால் நனைய நின்றவர்கள் பெரும்பாலும் தலித்துகள். தோலின் லாபம் கட்டிய பள்ளிகளில் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் படித்தார்கள் என்பது உண்மை. ஆனால் ஜகாத் என்கிற கட்டாய தர்மம் முஸ்லிம் ஏழைக்கே உரியது என்பது பெரும்பாலான உலமாக்களின், அதாவது மார்க்க அறிஞர்களின், முடிவு. ஆகவே தோலைச் சுண்ணாம்பில் இறக்கிய கைகள் இருந்த வீட்டுக்கு அந்தத் தோலின் தர்மக் காசு போகும் வழி குறுகல். 2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில் கழிவுச் சகதித் தொட்டியின் சுவர் உடைந்து, பக்கத்து ஷாப்பில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் பத்துப் பேர் செத்துப்போனார்கள். வங்காளத்திலிருந்து வந்து வேலை பார்த்தவர்கள் அவர்களில் அதிகம். அவர்கள் விட்டுப்போன பிள்ளைகளும் யத்தீம்கள்தான். அந்தப் பிள்ளைகளைத் தாங்க ஊர் ஜமாஅத் எது?

உப்பின் கதையும் பாக்கி இருக்கிறது. தோலைக் காப்பாற்றிய உப்பு, கழுவிய தண்ணீரோடு வெளியேறுகிறது. குரோமியத்தை ஓரளவு பிடித்து நிறுத்திவிடலாம். கரைந்த உப்பைப் பழைய சுத்திகரிப்பு நிலையங்களால் நிறுத்த முடியவில்லை. அது நிலத்தடிக்குப் போனது. கிணற்று நீர் உவர்த்தது, தென்னை கருகியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தமிழ்நாட்டின் ஐந்து மாவட்டங்களில் 900க்கு மேல் ஷாப்புகள் இருப்பதையும், தோல் வட்டாரத்தில் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ கெட்டுப்போனதையும் அந்தத் தீர்ப்பு எடுத்துச் சொல்கிறது. கெடுத்தவன் கட்ட வேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தில் உறுதியாக ஊன்றியது பாலாற்று மணலில்தான். ஒவ்வொரு ஷாப்புக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம் போட்டது நீதிமன்றம். அப்புறம் சேதத்தைக் கணக்கிட ஓர் ஆணையம், இழப்பீடு, மேல்முறையீடு. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் அதே பாலாற்றைப் பற்றி, அதே பாக்கி இழப்பீட்டைப் பற்றி உத்தரவு போட வேண்டியிருந்தது. மதரஸாப் பிள்ளையின் சோற்றுக்காக வாரி இறைத்த உப்பு, அந்தப் பிள்ளை குடிக்கிற தண்ணீருக்கே போய்ச் சேருகிறது. எந்த ரசீதிலும் அது ஏறுவதில்லை.

நீலத் தோலை மழித்து, சாயம் ஏற்றி, எண்ணெய் காட்டி, சட்டத்தில் இழுத்துக் காயவைத்து, மெருகேற்றி, சதுர அடி கணக்கில் அளப்பார்கள். நல்ல ஆட்டுத்தோல் நான்கைந்து சதுர அடி தேறும். ஆம்பூர் ஷூ ஃபேக்டரிகளில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தைக்கிறார்கள். அங்கிருந்து கன்டெய்னர், சென்னைத் துறைமுகம், ஜெர்மனியோ இத்தாலியோ ஏதோ ஒரு கடைத்தெரு. பதனிடாத, பாதி பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதை 1970களில் அரசு கட்டுப்படுத்தியதால்தான் ஷூ இங்கேயே தைக்கப்படுகிறது; இல்லையென்றால் இந்தப் பெண்களுக்கு இந்த வேலையும் இருந்திருக்காது.

இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த திருப்பம் ரமலானில் வருகிறது. ஷாப்பு முதலாளி ஆண்டுக் கணக்கை எடுத்து ஜகாத் கணக்கிடுவார். நாற்பதில் ஒரு பங்கு. எதற்கெல்லாம் ஜகாத் என்று ஒரு முதலாளியிடம் கேட்டேன். "மிஷினுக்குக் கிடையாது. கட்டடத்துக்குக் கிடையாது. டிரம்முக்கு இல்லை, டிரம்முக்குள்ள கெடக்கற தோலுக்கு உண்டு" என்றார். தொழிலுக்கான கருவிக்கு ஜகாத் இல்லை, விற்பனைச் சரக்குக்கு உண்டு என்கிற சட்டத்தைச் சொன்னார் அவர். எனக்கோ வேறு கணக்கு ஓடியது. பக்ரீத்துக்குத் தானமாக வந்த அதே தோல் அடுத்த ரமலான் வரை ஷாப்பில் கிடந்தால், இரண்டாம் முறையும் தர்மம் செய்துவிட்டுத்தான் கப்பல் ஏறும். முதல் முறை மூட்டையாக. இரண்டாம் முறை காசாக. இந்தக் காசுக்கு முற்றம் வேண்டாம், உப்பு வேண்டாம். அது எந்த வாசலுக்கும் நடந்து போகும்.

இதற்கிடையில் தோலின் விலை விழுந்துவிட்டது. நூறுகளில் போய்க்கொண்டிருந்த ஆட்டுத்தோல் பத்துகளுக்கு வந்துவிட்டது. உலகம் கேன்வாஸுக்கும் ரெக்சினுக்கும் காலை மாற்றிக்கொண்டதை ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். கொரோனா காலத்தில் ஆர்டர் நின்றதையும், சுத்திகரிப்புச் செலவு ஏறியதையும் சொல்கிறார்கள். எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் உண்மை. ஹஜ்ரத்திடம் இந்த வருஷம் எப்படி என்று கேட்டதற்குச் சிரித்தார்.

"தோல் வந்துச்சு. வித்த காசு உப்புக்கும் வண்டி பெட்ரோலுக்கும் சரியாப் போச்சு. இனிமே தோலோட உப்புக் காசும் சேத்துக் குடுங்கன்னு கேக்கலாம்னு இருக்கோம்."

தானம் வாங்கிக்கொள்ளத் தானம் கேட்க வேண்டிய நிலை. சில ஊர்களில் தோலே வேண்டாம், பணமாகக் கொடுங்கள் என்று சொல்லிவிடுகிறார்களாம்.

வருத்தமான செய்திதான். ஆனால் எனக்கு அதில் ஒரு ஜன்னல் தெரிகிறது. கோணி மூட்டைக்கு மட்டுமே கேட் வேண்டும். பணமாகிவிட்டால் பிள்ளையைத் தாயிடமிருந்து எடுத்துப் போய் விடுதியில் போட வேண்டிய கட்டாயம் போய்விடுகிறது.

அந்தத் தாய் பேரணாம்பட்டில் எப்படி இருப்பாள் என்று சொல்ல எனக்குக் கற்பனை தேவையில்லை. மடியில் முறம். முறத்தில் வெட்டிய பீடி இலை, ஒரு குவியல் தூள், நூல்கண்டு. பேசும்போதும் விரல் நிற்காது. இலையைச் சுருட்டி, நுனியை மடக்கி, நூலைச் சுற்றி இழுத்து அறுக்கும். அவள் சுருட்டிய பீடியிலிருந்தும் ஒரு நிதி எழுந்த காலம் இருந்தது. 1976இல் வந்த சட்டத்தின்படி பீடிக்கு ஒரு நல வரி. கடைசியாக ஆயிரம் பீடிக்கு ஐந்து ரூபாய். அதிலிருந்து பீடித் தொழிலாளியின் பிள்ளைக்குப் படிப்பு உதவி, ஆஸ்பத்திரி, வீடு. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது அந்த வரியை எடுத்துவிட்டார்கள். உதவித்தொகை நின்றுவிடவில்லை, பட்ஜெட்டிலிருந்து வருகிறது. ஆனால் "இது நான் சுருட்டிய பீடியிலிருந்து வந்த காசு" என்று சொல்லிக்கொள்ளும் உரிமை போய்விட்டது. தன் பொருளிலிருந்து எழுந்த நிதிக்கும் மேலிருந்து இறங்குகிற நிதிக்கும் வாசலில் நின்று கேட்கும்போதே வித்தியாசம் தெரியும்.

காசு வருகிற விதம் பிள்ளையின் இருப்பிடத்தைத் தீர்மானிப்பதை எதிர்த்துக் கனடாவின் பூர்வகுடிகள் வழக்கே போட்டார்கள். அங்கே ரிசர்வ் நிலங்களில் வாழும் பிள்ளைகளின் நலத்துக்கு மத்திய அரசு பணம் கொடுத்தது. கொடுத்த விதத்தில்தான் கோளாறு. குடும்பத்தோடு வைத்துக் காப்பாற்றச் செலவு கேட்டால் கை இறுகும். பிள்ளையைத் தாயிடமிருந்து எடுத்து வேறு வீட்டில் வைத்தால் பில் தொகை முழுதாக வரும். கிட்க்ஸான் இனத்தைச் சேர்ந்த சிண்டி பிளாக்ஸ்டாக் தலைமையிலான அமைப்பு 2007இல் புகார் கொடுத்தது. 2016 ஜனவரியில் மனித உரிமைத் தீர்ப்பாயம் அது பாகுபாடுதான் என்று சொல்லிற்று. பூர்வகுடிகள் தங்கள் பிள்ளைகளுக்கான சட்டத்தைத் தாங்களே இயற்றலாம் என்கிற சட்டம் 2020இல் நடைமுறைக்கு வந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு 2,300 கோடி கனடா டாலருக்கு மேல் இழப்பீடு 2023இல் உறுதியானது. அங்கே கொடுமை செய்தது அரசின் சூத்திரம். இங்கே யாரும் கொடுமை செய்யவில்லை. ஆனாலும் காசு எந்த வாசலில் நிற்கிறதோ அந்த வாசலுக்குப் பிள்ளை இழுபடுகிறது என்பது இரண்டு இடத்திலும் ஒன்றே.

நம் அரசுக்கும் இந்தப் பாடம் எட்டாமல் இல்லை. 2015ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டம், அரசு மானியம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் குழந்தைகள் இல்லம் எல்லாமே பதிவு செய்தாக வேண்டும் என்றது. 2017 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதையே அழுத்திச் சொன்ன வழக்கின் தலைப்பிலேயே தமிழ்நாட்டு அநாதை இல்லங்கள் இருக்கின்றன. தோல் காசில் நூறு ஆண்டு ஓட்டிய இடங்களுக்குத் திடீரென்று தீயணைப்புச் சான்று, கழிப்பறைக் கணக்கு, ஆய்வாளர் வருகை. முணுமுணுப்பு எழுந்தது. எனக்கு அதில் பாதி நியாயம் தெரிகிறது. பிள்ளையைப் பூட்டிய கதவுக்குப் பின்னால் யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது என்று எந்தச் சமூகமும் சொல்ல முடியாது. அதே சமயம், பதிவேடு கேட்கிறவர்கள் பருப்புச் செலவில் பங்கு கொடுப்பதில்லை.

விடுதிக்கு வெளியே, வீட்டோடு வைத்துக் காப்பாற்றவும் இன்று வழிகள் இருக்கின்றன. மிஷன் வாத்சல்யாவில், தகப்பனை இழந்து தாயோடு இருக்கிற பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் உண்டு. நகரத்தில் ஆண்டு வருமானம் 96,000க்குள் இருக்க வேண்டும். மத்திய அரசு அறுபது, மாநிலம் நாற்பது. தமிழ்நாடு அரசு 2025 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டத்தில் மாதம் 2,000, பதினெட்டு வயது வரை. மாவட்டந்தோறும் முஸ்லிம் மகளிர் உதவும் சங்கம் என்று ஒன்று உண்டு. அதிகம் பேர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஊர்க்காரர்கள் ஒரு ரூபாய் நன்கொடை திரட்டினால் அரசு இரண்டு ரூபாய் சேர்த்துக் கொடுக்கும், ஆண்டுக்கு இருபது லட்சம் வரை. விதவைக்கும் கைவிடப்பட்டவளுக்கும் தொழில் செய்ய அது போகும். எனக்கு இந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது. ஊர் முதலில் காசை வைக்க வேண்டும், அரசு பின்னால் வர வேண்டும். முற்றத்தில் உப்பு போடுகிறவர்கள் அந்தக் கணக்குக்குள் காலை வைத்தால், ஒரு தோல் மூன்று தோலாகும். ஆனால் தலைவர் மாவட்ட ஆட்சியர். விண்ணப்பம், சான்றிதழ், கூட்டம். பைத்துல்மால் என்கிற ஊர்ப் பொது நிதியை நடத்துகிற பெரியவர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது கையை விரித்தார். "நாங்க வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்சு, எந்த வீட்டுல அடுப்பு எரியலன்னு கேட்டு அன்னிக்கு ராத்திரியே குடுத்துடறோம். கலெக்டர் ஆபீசு திங்கக்கிழமைதானே தெறக்கும்?"

இரண்டு கையும் சேர்ந்தால் நல்லதுதான். யாருடைய கை முன்னால் நீள்கிறது, யாருடைய கணக்குப் புத்தகத்தில் அந்தப் பிள்ளையின் பெயர் ஏறுகிறது என்பதில்தான் இன்னும் இழுபறி.

பண்டிகை நாள் மத்தியானத்துக்குத் திரும்புகிறேன். தோல் போய்விட்டது. கறியை மூன்று பங்காகப் பிரித்துப் பாத்திரங்களில் எடுத்து வைத்திருந்தார்கள். நண்பரின் மகள் ஒரு எவர்சில்வர் தூக்கை எடுத்துக்கொண்டு பின்தெருவுக்குப் புறப்பட்டாள். அவள் கிளம்புவதற்கு முன்னால் நண்பர் போனை எடுத்து ஏதோ ஓர் எண்ணுக்குப் பணம் அனுப்பினார். எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. "தோலுக்குப் பதிலா இப்பெல்லாம் இப்பிடி. ரெண்டுத்தயும் செஞ்சிடறேன்" என்றார். மடித்த ரசீது அவர் சட்டைப் பையிலேயே இருந்தது, தொகைக் கட்டத்தில் கோடு இழுத்தபடி.

அரை மணி நேரத்தில் மகள் திரும்பி வந்தாள். தூக்கைக் கழுவித் துடைத்துக் கொடுத்திருந்தார்கள். கறி போன பாத்திரத்தை வெறுமனே அனுப்பக் கூடாது என்பது எங்கள் ஊர் வழக்கம். மூடியைத் திறந்தால், அடியில் ஒரு கைப்பிடி சர்க்கரை.